டிக்கிக்குள் தூங்கும் ஐந்தாவது டயர்



மே மாதம் நெருங்கினால் கிங்ஸ் சர்க்கிள், மாட்டுங்கா, சயன், செம்பூர் என்று நம்மவர்கள் வாழும் இடமெல்லாம் ஒரே கேள்விதான்: "ஊருக்கு எப்போ கிளம்புறீங்க?" ஒரு காலத்தில் அதற்கு ஒரே பதில், "ரயில் டிக்கெட் கிடைத்தவுடன்". தாதர் எக்ஸ்பிரஸுக்கும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸுக்கும் விடியுமுன் வரிசையில் நின்றவர்கள் நம்மில் எத்தனையோ பேர். நாற்கர சாலைகள் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. காரில் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறோம். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். புனே, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர், சேலம், மதுரை என்று இரண்டு நாள் பயணம்.

கிளம்புமுன் முறுக்கு, சீடை, தண்ணீர்க் கேன், பிள்ளைகளுக்கு வாந்தி மாத்திரை, சாமிக்கு ஒரு தேங்காய், நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் என்று எல்லாவற்றையும் மறக்காமல் செய்கிறோம். அந்த எலுமிச்சம்பழத்தை வைக்கக் குனிகிறபோது டயரையும் ஒரு நிமிடம் பார்க்கலாம் அல்லவா? நான் பார்க்கவில்லை. அதனால் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நான் மெக்கானிக் அல்ல. ஓய்வு பெற்ற கணக்காளன். பட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு கேட்டும் படித்தும் அறிந்ததையும் எழுதுகிறேன்.

நாலா, அஞ்சா?

எண்பதுகளில் பழைய பிரீமியர் பத்மினி ஒன்றை வாங்கினேன். பக்கத்துக் குர்லாவில் செய்த வண்டி என்பதால் அதன் மேல் நமக்கெல்லாம் தனிப் பாசம். அதன் டயர்களைப் பார்த்துக்கொண்டவர் சயன் போகும் வழியில் சிறிய கடை வைத்திருந்த நம்மூர்க்காரர். அவரும் நெல்லைச் சீமை, நானும் நெல்லைச் சீமை. ஆகவே அவருக்கு நான் அண்ணாச்சி, எனக்கு அவர் அண்ணாச்சி.

அண்ணாச்சியிடம் ஒரு வழக்கம் இருந்தது. வண்டி வந்தவுடன் சாக்பீஸை எடுத்து டயர்களில் ஒன்று முதல் ஐந்து வரை எண் போடுவார். நான்கு ஓடும் டயர்கள். ஐந்தாவது டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி. "அஞ்சும் நம்ம பிள்ளைக அண்ணாச்சி. ஒருத்தனை மட்டும் வீட்டுல உக்கார வச்சுச் சோறு போட்டா அவன் சோம்பேறியாயிருவான்" என்பார். ஒவ்வொரு முறையும் டயர்களை இடம் மாற்றும்போது ஸ்டெப்னியும் கீழே இறங்கும். வேறொன்று டிக்கிக்கு ஓய்வெடுக்கப் போகும். நான் சிரித்துக்கொண்டே பணம் கொடுப்பேன். அதில் ஒரு கணக்கு இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

காலம் ஓடியது. பத்மினி போயிற்று. அண்ணாச்சி கடையை மூடிவிட்டு ஊரோடு போய்விட்டார். 2008-இல் புது வண்டி வாங்கினேன். 2013-இல் டயர்கள் தேய்ந்துவிட்டன. குளிர்சாதனம் போட்ட பெரிய கடை ஒன்றில் கேட்டார்கள்: "நாலா, அஞ்சா?" டிக்கியைத் திறந்து பார்த்தேன். ஸ்டெப்னி கறுகறுவென்று புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. ஐந்து வருடத்தில் தரையையே தொடாத டயர். அதற்கு எதற்குத் தண்டச்செலவு? "நாலு போதும்" என்றேன். பணம் மிச்சப்படுத்திய திருப்தியோடு வீடு வந்து மனைவியிடம் பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன்.

நிப்பாணி தாண்டி நடந்தது

2018 மே மாதம் ஊரில் கோயில் கும்பாபிஷேகம். 78 வயது அம்மா, மனைவி, கல்லூரி முடித்த மகள், நான். டிக்கி நிறையச் சாமான். கோலாப்பூர் தாண்டி, நிப்பாணியை நெருங்கும்போது மதியம் ஒரு மணி. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். பின்பக்கம் இடது டயரில் காற்று இறங்கி வண்டி இழுக்க ஆரம்பித்தது. ஓரம் கட்டினேன். ஆணி குத்தியிருந்தது. சாமான்களையெல்லாம் சாலையோரம் இறக்கி வைத்து, பத்து வருடமாகத் தூங்கிய ஸ்டெப்னியை எழுப்பினேன். காற்று குறைவாக இருந்தது. அடுத்த பெட்ரோல் பங்கில் நிரப்பிக்கொண்டேன். "பார்த்தாயா, நல்ல வேளை ஸ்டெப்னி புதுசாகவே இருந்தது" என்று மகளிடம் சொன்னேன்.

முப்பது கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். பின்னாலிருந்து படபடவென்று ஒரு சத்தம். யாரோ வண்டியைத் தடியால் அடிப்பது போல. அடுத்த விநாடி பெரிய வெடி. வண்டியின் பின்பக்கம் தானாக ஒரு பக்கம் போகிறது. ஸ்டீயரிங் என் பேச்சைக் கேட்கவில்லை. பிரேக்கை அழுத்தாமல் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை அதுவல்ல, பயத்தில் அழுத்தினேன். வண்டி அரை வட்டம் சுற்றி, சாலை நடுவே இருந்த செடி வரிசையில் ஏறி நின்றது. பின்னால் லாரி எதுவும் வராதது நாங்கள் செய்த புண்ணியம்.

அம்மாவின் கண்ணாடி உடைந்து நெற்றியில் வெட்டு. பெல்காமில் மூன்று தையல் போட்டார்கள். மற்றவர்களுக்குக் காயமில்லை. டயரைப் போய்ப் பார்த்தேன். மேல் ரப்பர் பட்டை முழுவதும் வாழை மட்டை உரிந்தது போலப் பிரிந்து கிடந்தது. கோடுகள் மட்டும் புத்தம் புதிதாக இருந்தன.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு முடிந்ததும் அம்மா கேட்டாள்: "ஏல, அதுவும் அதே வண்டியோட வந்த டயர்தானே? அதுக்கு மட்டும் வயசாகாதுன்னு எப்படி நெனச்சே?"

பதில் சொல்ல முடியவில்லை. கும்பாபிஷேகத்துக்கு ஒரு நாள் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம்.

ஓடாத டயருக்கும் வயதுண்டு

அம்மா கேட்ட கேள்விக்கு விடை தேடினேன். ரப்பர் காற்றிலுள்ள ஆக்சிஜனாலும் வெப்பத்தாலும் மெல்ல மெல்ல இறுகிப்போகிறது. உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி வலைக்கும் அதைச் சுற்றியுள்ள ரப்பருக்கும் இடையே உள்ள பிடிப்பு தளர்கிறது. இதைத் தாமதப்படுத்தச் சில மெழுகுகளையும் ரசாயனங்களையும் தயாரிக்கும்போதே ரப்பரில் கலக்கிறார்கள். டயர் ஓடி நெளிந்து கொடுக்கும்போதுதான் இவை மேற்பரப்புக்கு வந்து காவல் காக்கின்றன. ஓடாத டயரில் அந்த வேலை சரியாக நடப்பதில்லை. பீரோவில் பூட்டி வைத்த பட்டுப்புடவை மடிப்பு மடிப்பாக இற்றுப்போவதைப் பெண்மணிகள் அறிவார்கள். கட்டாத புடவைதானே என்று அது நமக்காகக் காத்திருப்பதில்லை. ஸ்டெப்னியும் அப்படித்தான். அதுவும் நம் ஊர் வெயிலில், மூடிய டிக்கியின் சூட்டில்!

இது என் ஒருவன் கதையல்ல. 2012 செப்டம்பரில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், இசை விழா முடிந்து இளைஞர்களை ஏற்றி வந்த பேருந்து ஒன்றின் முன் டயர் வெடித்து, வண்டி மரத்தில் மோதியது. ஓட்டுநர் உட்பட மூன்று பேர் இறந்தார்கள். விசாரித்தபோது அந்த டயரின் வயது பத்தொன்பதுக்கும் மேல்; பேருந்தைவிட மூத்தது! கோடுகளின் ஆழம் சட்டத்துக்கு உட்பட்டே இருந்தது. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் பல ஆண்டுகள் போராடினார். 2021 பிப்ரவரி முதல், பேருந்து, லாரிகளின் முன் அச்சில் பத்து வயதுக்கு மேற்பட்ட டயர்களைப் போடுவது அங்கே தடை செய்யப்பட்டது.

டயரின் பிறந்த தேதி

டயரின் வயதைக் கண்டுபிடிக்க ஜாதகம் வேண்டாம். பக்கச் சுவரில் 'டாட்' என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம். கடைசி இரண்டு வருடம். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம், அதாவது ஜூன் மாதம், பிறந்த டயர். வெளிப்பக்கம் முழு எண் இல்லாவிட்டால் உள்பக்கச் சுவரில் பாருங்கள்.

ஐந்து வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும் என்றும், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பத்து வயதானால் ஸ்டெப்னி உட்பட எல்லாவற்றையும் கழித்துவிட வேண்டும் என்றும் பெரிய டயர் கம்பெனிகளே சொல்கின்றன. சில கார் கம்பெனிகள் ஆறு வருடத்திலேயே மாற்றச் சொல்கின்றன. நம் ஊர் வெயிலுக்கு முந்திக்கொள்வதே நல்லது என்பது என் கட்சி.

மும்பைவாசிகளுக்கு இது இன்னும் முக்கியம். வார நாட்களில் நாம் மின்சார ரயிலில் போகிறோம். வண்டி ஞாயிற்றுக்கிழமை ஆஸ்திக சமாஜம், ஷண்முகானந்தா ஹால், செம்பூரில் மச்சினன் வீடு, அவ்வளவுதான் ஓடும். வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர் என்றால், 40,000 ஓடக்கூடிய டயர் தேய்வதற்கு எட்டு வருடம் ஆகும். தேய்மானத்தை மட்டும் பார்ப்பவருக்கு வயது தெரிவதே இல்லை.

தேய்மானம்: டயர் எழுதும் கடிதம்

இனி ஓடும் டயர்களுக்கு வருவோம். புதுக் கார் டயரில் கோடுகளின் ஆழம் சுமார் 7 அல்லது 8 மில்லிமீட்டர் இருக்கும். நம் நாட்டு மோட்டார் வாகன விதிப்படி கார்களுக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் வேண்டும். இதை அளக்க அளவுகோல் தேவையில்லை. கோடுகளின் அடியில் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். அவை இருக்கும் இடத்தைக் காட்ட, டயரின் தோள்பட்டையில் முக்கோணக் குறியோ 'டி.டபிள்யூ.ஐ.' என்ற ஆங்கில எழுத்துகளோ பொறித்திருப்பார்கள். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

கோடுகள் எதற்கு? அழகுக்கு அல்ல; தண்ணீரை வெளியேற்றத்தான். மழை என்றாலே நமக்குக் கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட்டில் தேங்கும் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். அங்கே வண்டி ஊர்ந்து போவதால் நின்றுபோகுமே தவிர வழுக்காது. உண்மையான ஆபத்து ஜூன் மாத முதல் மழையில், சயன்–பன்வேல் சாலையிலோ ஈஸ்டர்ன் ஃப்ரீவேயிலோ வேகமாகப் போகும்போது. மொட்டை டயரால் தண்ணீரை ஒதுக்கித் தள்ள முடியாது. வண்டி தண்ணீரின் மேலேயே மிதந்து வழுக்கும். அப்போது பிரேக்கும் பயன்படாது, ஸ்டீயரிங்கும் பயன்படாது. எனவே 1.6 வரை காத்திருக்காமல், 3 மில்லிமீட்டருக்கு வந்தவுடன் மழைக்கு முன்பே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்பதும் ஒரு கடிதம் மாதிரி. படிக்கத் தெரிந்தால் வண்டியின் நோய் தெரியும்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் சக்கரங்களின் அலைன்மென்ட் சரியில்லை. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரோ பேலன்சிங்கோ பார்க்க வேண்டும். நோயைச் சரிசெய்யாமல் டயரை மட்டும் மாற்றினால் புது டயரும் அதே வழியில்தான் போகும்.

2023-இல் நாகபுரி–மும்பை சம்ருத்தி நெடுஞ்சாலையில் டயர் வெடித்து விபத்துகள் நேர்ந்தபோது, போக்குவரத்துத் துறையினர் நுழைவாயிலிலேயே டயர்களைப் பரிசோதித்து, தேய்ந்த டயர் வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். நம்மை யாராவது திருப்பி அனுப்பும்வரை காத்திருக்க வேண்டுமா?

இடம் மாற்றும் முறை

இன்றைய கார்களில் பெரும்பாலானவை முன் சக்கரங்களால் இழுக்கப்படுபவை. இழுப்பதும் திருப்புவதும் முன் சக்கரங்களே என்பதால் அவை சீக்கிரம் தேயும். ஆகவே 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை இடம் மாற்ற வேண்டும்.

நான்கு டயர்களை மட்டும் மாற்றுவதானால்: முன் டயர்கள் இரண்டும் நேராகப் பின்னுக்குப் போகும். பின் டயர்கள் குறுக்காக முன்னுக்கு வரும். இடது வலதுக்கும், வலது இடதுக்கும். பத்மினி, அம்பாசடர் போலப் பின் சக்கரங்கள் தள்ளும் வண்டியானால் இதற்கு மாறாக, பின் டயர்கள் நேராக முன்னுக்கும், முன் டயர்கள் குறுக்காகப் பின்னுக்கும்.

அண்ணாச்சியின் ஐந்து பிள்ளைக் கணக்கு இப்படி: முன் இடது பின் இடதுக்கு, பின் இடது முன் வலதுக்கு, முன் வலது டிக்கிக்கு, டிக்கியிலிருந்த ஸ்டெப்னி பின் வலதுக்கு, பின் வலது முன் இடதுக்கு. முன் சக்கர வண்டிக்கு இது பொருந்தும். ஐந்து முறை செய்தால் ஒவ்வொரு டயரும் எல்லா இடத்திலும் வேலை பார்த்து, ஒரு தவணை ஓய்வும் எடுத்திருக்கும்.

கணக்காளன் என்ற முறையில் ஒரு கணக்கு. ஒரு டயர் 40,000 கிலோமீட்டர் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். நான்கை மட்டும் ஓட்டினால் 40,000-இல் நான்கும் தீரும். ஐந்தாவது சும்மா கிழவனாகும். ஐந்தையும் சுழற்றினால் வண்டி 50,000 ஓடும். அப்போது ஐந்தும் சேர்ந்து தீரும். ஐந்தையும் சேர்த்து மாற்றலாம். ஐந்து டயர் விலையை 50,000-ஆல் வகுத்தாலும், நான்கு டயர் விலையை 40,000-ஆல் வகுத்தாலும் விடை ஒன்றுதான். ஸ்டெப்னிக்குத் தனியாகத் தண்டச்செலவு என்று ஒன்று கிடையவே கிடையாது! 2013-இல் நான் போட்ட கணக்கு எவ்வளவு தப்பு என்று இப்போது புரிகிறதா?

மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, பக்கச் சுவரில் அம்புக்குறி போட்ட டயர்கள் ஒரே திசையில்தான் சுழல வேண்டும். அவற்றை அதே பக்கத்தில் முன்னும் பின்னுமாக மட்டும் மாற்றலாம். இரண்டு, உங்கள் ஸ்டெப்னி மற்ற நான்கின் அதே அளவாக இருந்தால்தான் இந்த ஐந்து கணக்கு. இப்போது பல வண்டிகளில் ஸ்டெப்னி சிறியதாகவோ ஒல்லியாகவோ வருகிறது. 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதே என்று அதன் மேல் ஒட்டியிருப்பார்கள். அது டயர்க்கடை வரை போவதற்கு மட்டும். கன்னியாகுமரி வரை போவதற்கல்ல. மூன்று, ரேடியல் டயரைக் குறுக்கே மாற்றவே கூடாது என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள். ரேடியல் புதிதாக வந்த காலத்துக் கருத்து அது. இன்றைய டயர்களுக்கு, அம்புக்குறி இல்லாதவரை, பொருந்தாது.

இரண்டு மட்டும் வாங்கினால்?

கையில் பணம் குறைவு, இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்கிற நிலை நமக்கெல்லாம் வருவதுதான். அந்தப் புது இரண்டையும் எங்கே போடுவது? "முன்னால்தான்" என்று நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்வார்கள். நானும் சொன்னேன். சரியான விடை: பின்னால்.

முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். காலை எடுத்து வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிடித்துவிடலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி பம்பரம் போலச் சுற்றிவிடும். பழகிய ஓட்டுநருக்கே அதைச் சமாளிப்பது கடினம். நிப்பாணிக்கு அப்பால் நான் அனுபவித்தது அதைத்தான். அதனால் நல்ல டயர்கள் எப்போதும் பின்னால் இருக்கட்டும். அதற்காக முன்னால் மொட்டை டயரோடு ஓடலாம் என்று அர்த்தமல்ல.

வாங்கும்போது பக்கச் சுவரில் உள்ள அளவை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள். என் வண்டியில் 165/80 ஆர் 14 85 டி என்றிருந்தது. 165 மில்லிமீட்டர் அகலம்; அதில் 80 சதவீதம் உயரம்; ஆர் என்றால் ரேடியல்; 14 அங்குல ரிம்; 85 என்பது ஒரு டயர் 515 கிலோ சுமக்கும் என்பதன் குறி; டி என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதன் குறி. பாரத்தைக் குறிக்கும் எண் வண்டியோடு வந்ததைவிடக் குறையக் கூடாது. கடைக்காரர் டயரை மாட்டுவதற்கு முன்பே பிறந்த தேதியைப் பாருங்கள். மூன்று வருடம் கிடங்கில் கிடந்ததைப் புதுசென்று வாங்கி வராதீர்கள்.

பழைய டயர் மலிவாகக் கிடைக்கிறது என்று போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் புதுக் கோடு கீறி விற்பவர்கள் உண்டு. கோடு ஆழமாகத் தெரியும். அடியில் ரப்பரே இருக்காது. ரீட்ரெடிங் வேறு சமாச்சாரம். முறையாகச் செய்தால் அது கௌரவமான தொழில்தான். விமான டயர்களையே ரீட்ரெட் செய்கிறார்கள். 1946-இல் சென்னை திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். கம்பெனி, 1952-இல் இறங்கியது ரீட்ரெடிங்குக்கான ரப்பர் செய்யும் தொழிலில்தான். டயர் செய்தது அதற்குப் பிறகு. ஆனால் இன்றைய கார் வேகத்துக்கும் விலைக்கும் குடும்ப வண்டிக்குப் புது டயரே மேல்.

ஸ்டெப்னி என்ற பெயர்

இந்த ஐந்தாவது டயருக்கு ஸ்டெப்னி என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆதியில் கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. நடுவழியில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்ட வேண்டியதுதான். 1904-இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள், பஞ்சரான சக்கரத்தின் மேலேயே இறுக்கிப் பொருத்தக்கூடிய ஒரு மாற்று வளையத்தை டயரோடு செய்தார்கள். அவர்கள் பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. தெருவின் பெயரே சக்கரத்துக்கும் ஆயிற்று. இங்கிலாந்தில் இன்று அந்தச் சொல்லைச் சொன்னால் பலருக்குப் புரியாது. நம் நாட்டில் பஞ்சர்க் கடைப் பையனுக்கும் தெரியும்.

அந்த ஸ்டெப்னிக்கும் இப்போது காலம் மாறுகிறது. 2020-இல் வந்த விதித் திருத்தப்படி, ட்யூப் இல்லாத டயரும், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் சாதனமும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. என் மகள் செம்பூரில் வாங்கிய புது வண்டியில் டிக்கியைத் திறந்தால் ஒரு சின்னப் பம்பும் பசை பாட்டிலும்தான் இருந்தன. ஆணி குத்தினால் அது போதும். டயர் வெடித்தாலோ பக்கச் சுவர் கிழிந்தாலோ பசையால் ஒன்றும் ஆகாது. ஆகவே புது வண்டி வாங்குகிறவர்கள், ஸ்டெப்னி உண்டா, இருந்தால் என்ன அளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஊருக்குக் கிளம்புமுன்

நான் இப்போது பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே செய்பவை இவை:

1. ஐந்து டயர்களின் பிறந்த தேதியையும் டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்ப்பேன்.

2. கோடுகளின் ஆழம், பக்கச் சுவரில் வெடிப்பு, வீக்கம், வெட்டு உண்டா என்று பகல் வெளிச்சத்தில் பார்ப்பேன். வீக்கம் இருந்தால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான்.

3. வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது காற்று பிடிப்பேன். எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும். ஆள் நிறைய, சாமான் நிறைய என்றால் அதற்குத் தனி அளவு கொடுத்திருப்பார்கள். டயரின் மேல் எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. நாம் பிடிக்க வேண்டிய அளவல்ல. காற்று குறைந்தால் பக்கச் சுவர் அதிகமாக நெளிந்து சூடேறும். அந்தச் சூடுதான் டயரை வெடிக்கச் செய்கிறது.

4. ஸ்டெப்னிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிப்பேன். நடுவழியில் குறைப்பது சுலபம், கூட்டுவது முடியாது.

5. ஜாக்கி, ஸ்பேனர், சிவப்பு முக்கோணம், டார்ச் லைட் நான்கையும் வீட்டு வாசலிலேயே ஒரு முறை சோதிப்பேன். மகளுக்கும் டயர் மாற்றக் கற்றுக் கொடுத்துவிட்டேன்.

வழியில் மாற்ற நேர்ந்தால்: முதலில் எல்லோரையும் இறக்கிச் சாலைத் தடுப்புக்கு அப்பால் நிறுத்துங்கள். சமதளமான இடத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிடுங்கள். மாட்டும்போது எதிரெதிராக இறுக்குங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு முறை இறுக்குங்கள். வண்டி ஓடும்போது டயர் வெடித்தால், நான் செய்ததைச் செய்யாதீர்கள். பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கை இரு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானாகக் குறைந்தபின் ஓரம் கட்டுங்கள்.

கழித்த டயரை மொட்டை மாடியில் போட்டு வைப்பது நம்மவர்களின் இன்னொரு பழக்கம். அதில் தேங்கும் மழைத் தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடுகிறது. கடையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

எந்த நல்ல பொருளையும் நாளைக்கு என்று எடுத்து வைப்பது நம் பெரியவர்கள் கற்றுக் கொடுத்த சிக்கனம். அந்தச் சிக்கனத்தால்தான் இந்த நகரத்தில் ஒண்டிக் குடித்தனத்திலிருந்து பிள்ளைகளைப் படிக்க வைத்து முன்னுக்கு வந்தோம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். எடுத்து வைத்ததை அவ்வப்போது எடுத்துப் பார்க்கவும் வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அம்மாவின் நெற்றித் தழும்பு மங்கிவிட்டது. ஆனாலும் வண்டியில் ஏறுமுன் இன்றும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று ஒரு கேள்வி கேட்பாள்: "அஞ்சையும் பாத்துட்டியால?"

பார்த்துவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் உட்காருவாள்.